பங்குனிக்காவது வா, கோமு

அன்புள்ள கோமு,

உன் கடிதம் போகிக்கு முந்தின நாள் வந்தது. பேத்தி பிறந்திருக்கிறாள் என்றதும் எனக்கே பிறந்த மாதிரி இருந்தது. மார்கழிக் கச்சேரி சீசனுக்குச் சென்னைக்கு வராததற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது, அதனால் உன்னைத் திட்டவும் வழியில்லை. ஆனால் டிசம்பர் முழுக்க, எந்த சபாவுக்குப் போனாலும் பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்துவிட்டு உனக்கு இடம் பிடித்தவள் மாதிரியே உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷம்.

சீசன் எப்படி என்று கேட்டிருந்தாய். பெரிய வித்வான்களின் சாயங்காலக் கச்சேரி இரண்டுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். அதில் ஒன்றில் தோடி ஆலாபனை நடுவே பின்வரிசையில் ஒருவர் ஃபோன் இரண்டு தரம் அடித்தது. எடுத்து, "கச்சேரியிலே இருக்கேன்" என்று ஹாலுக்கே கேட்கும்படி சொன்னார். மற்ற நாளெல்லாம் நமக்கு எப்போதும் வாய்த்த மதியக் கச்சேரிதான். அந்தக் காலத்தில் இலவசம் என்பதற்காகப் போனோம். இன்றைக்கும் பல சபாக்களில் மதியம் இலவசம்தான். இப்போது கையில் காசு இருந்தும் கால் அங்கேதான் போகிறது. ஹாலில் முப்பது பேர் இருந்தால் அதில் பாதி பாடுகிற பெண்ணின் சொந்தக்காரர்கள். இருபது வயசுக் குழந்தைகள் பயந்து பயந்துதான் ஆரம்பிக்கிறார்கள், ஆனால் பாடம் சுத்தமாக இருக்கிறது.

முழங்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பழைய பாவம் ஞாபகம் இருக்கிறதா? பாட்டு நின்று தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் தொடங்கினால் போதும், வடை ஆறுவதற்குள் போய்விடலாம் என்று நீ என் முழங்கையைக் கிள்ளுவாய். இந்த வருஷம் அப்படி எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் மடக்கினபடியே நின்றுவிட்டது. வரிசைக்கு நடுவில் வேறு. சரி என்று உட்கார்ந்துவிட்டேன். ஆதி தாளம், மிருதங்கமும் கஞ்சிராவும். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சுற்று விஸ்தாரமாக வாசித்த பிறகு குறைப்பு வந்தது. முதலில் இவர் இரண்டு ஆவர்த்தனம், அதாவது இரண்டு தாளச் சுற்று, அவர் இரண்டு. அப்புறம் ஒன்று, அப்புறம் அரை, கால். ஆரம்பத்தில் வாதம் பண்ணுகிறவர்கள் மாதிரி இருந்தது, போகப் போக ஒருவர் எடுத்த பேச்சை மற்றவர் முடித்து வைக்கிற மாதிரி ஆகிவிட்டது, நீயும் நானும் பேசுவது போல. கடைசியில் முடிப்புக்கான மோராவும் கோர்வையும் சேர்ந்து வாசித்து இரண்டு பேரும் ஒரே இடத்தில் வந்து விழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்த கணக்கு எப்போதோ தப்பி, முன்வரிசை மாமாவின் கையைப் பார்த்துத்தான் தாளம் போட்டேன். நாற்பது வருஷமாக வடைக்காக இதை விட்டிருக்கிறோம் கோமு!

வடையும் தப்பாகச் சொல்லக் கூடாது. கச்சேரி முடிந்து நொண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கீரை வடை தீர்ந்திருந்தது, அடை அவியல் இருந்தது. அவியல் பரவாயில்லை, அடைதான் கொஞ்சம் தடிமன். என் அபிப்பிராயம் கேட்டால், சபா கேண்டீனில் மத்தியான இலைச் சாப்பாடுதான் சாப்பாடு. சாயங்கால டிபன் கூட்டத்தில் அவசரமாகப் போட்டு எடுப்பது. உள்ளே யார் பாடுகிறார்கள் என்றே தெரியாமல் சாப்பிட மட்டும் வருகிற கூட்டமும் உண்டு. முன்னெல்லாம் அவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். எனக்கு இப்போது அதைச் சொல்ல யோக்கியதை இல்லை.

ராயர் மெஸ் கேட்டிருந்தாய். இருக்கிறது, காலையில் இப்போதும் வாசலில் நின்று இடம் பிடிக்க வேண்டும். அந்தக் கெட்டிச் சட்னிக்காக நிற்கலாம். ஆனால் கச்சேரி ரோடு பக்கம் மெட்ரோ வேலை. திருமயிலையில் இரண்டு பாதைகள் சந்திக்கின்றனவாம், அதனால் லஸ் சுற்றுவட்டாரமே தடுப்பும் தகரமுமாக இருக்கிறது, ஆட்டோக்காரர்களே வழி கேட்கிறார்கள். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அந்தத் தெருவில் பாட்டுக் கச்சேரி நடக்கும் என்று நினைத்தவள் நான். அது சர்க்கார் ஆபீஸ் என்கிற கச்சேரி என்று மாமனார் சொல்லிச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ஜனவரியில் மயிலாப்பூர் விழா. வடக்கு மாட வீதியில் வண்டிகளை நிறுத்திக் கோலப் போட்டி வைத்தார்கள். தார் ரோட்டில் வரிசையாகக் கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு ஆள். முழங்கால் இருக்கிற லட்சணத்தில் நான் வேடிக்கைதான். ஒரு கல்லூரிப் பையன் நெளிவு தப்பாமல் சிக்குக் கோலம் போட்டான், பக்கத்துக் கட்டத்து மாமி தன் கோலத்தை விட்டுவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி வண்டிகள் விட்டதும் எல்லாம் டயரோடு போய்விட்டது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் மைக் இல்லாமல் சின்னப் பிள்ளைகள் பாடுவதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டேன். காக்காய்க்கும் நடைப்பயிற்சிக்காரர்களுக்கும் நடுவே ஒரு பன்னிரண்டு வயசுக் குழந்தை மோகனம் பாடியது. சுருதிப்பெட்டி காதில் விழ, பக்கத்தில் போய்த்தான் உட்கார வேண்டியிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி போனால் போகட்டும், பங்குனிக்கு வா. கபாலீஸ்வரர் கோயிலில் கொடியேறி மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் ராத்திரி ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் நாயன்மார்கள் ஊர்வலம் வருகிற அறுபத்துமூவர். டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது. சுவாமி மெல்ல நகர நகர, முன்னால் நாகஸ்வரமும் தவிலும் வாசித்துக்கொண்டே போகும். ஹாலில் கேட்கிற நாகஸ்வரம் வேறு, வீதியில் நடந்துகொண்டே கேட்கிற நாகஸ்வரம் வேறு. அறுபத்துமூவர் அன்று வீட்டுக்கு வீடு வாசலில் நீர்மோர், பானகம், தொன்னையில் சாதம் என்று கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள்.

என்னென்ன பார்க்கலாம் என்று எழுதச் சொன்னாயே, அந்தப் பட்டியலை ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் எழுதிவிட்டார். இறந்துபோன பூம்பாவை என்கிற பெண்ணுக்காக மயிலையில் பாடிய பதிகத்தில் ஓணம், கார்த்திகை விளக்கு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு என்று ஒவ்வொரு விழாவாகச் சொல்லி, இதைக் காணாமலேயே போகிறாயா என்று கேட்கிறார். முதல் பாட்டிலேயே அடியார்களுக்குச் சாப்பாடு போடுவதுதான் வருகிறது, கவனித்தாயா? பங்குனி உத்திரத்தை ஒலிவிழா என்கிறார். அந்தப் பூம்பாவை கதையை அறுபத்துமூவர் அன்றுதான் இங்கே நடத்திக் காட்டுவார்கள். செத்துச் சாம்பலானவளே எழுந்து வந்தாள், நீ திருநெல்வேலியிலிருந்து வர என்ன?

மருமகளுக்கு அதற்குள் மூன்று மாதம் ஆகிவிடும், சம்பந்தியம்மா பார்த்துக்கொள்வார். நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைத்தால் மட்டும் டிக்கெட் எடு. உன் முழங்கால் என்னுடையதைவிட ஒரு வயசு மூத்தது.

உன்,
ஜெயா