அரசும் அரசாங்கமும் ஒன்று என்னும் விடைக்குறிப்பைத் திருத்துங்கள்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் வினாத்தாள் குழுவினருக்கும்,

வணக்கம். அண்மைத் தேர்வில் "அரசாங்கத்தை எதிர்ப்பவர் அரசையே எதிர்ப்பவர்" என்ற கூற்றுக்குத் தாங்கள் வெளியிட்ட விடைக்குறிப்பைப் பற்றியே இந்த மடல். "சரி" என்று அச்சிட்டிருக்கும் அந்த விடையைத் திருத்தி, "தவறு" என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் மாணவி ஒருத்தி "தவறு" என்று குறித்து, ஆட்சி நடத்தும் அரசாங்கம் தேர்தலோடு மாறும், நாடு என்ற அமைப்பாகிய அரசு தொடரும் என்று காரணமும் எழுதியிருந்தாள். மதிப்பெண் கிடைக்கவில்லை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தபோது "விடைக்குறிப்புடன் பொருந்தவில்லை" என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. பொருந்தவில்லை என்பதால்தானே அவள் விண்ணப்பித்தாள்? அதன் பின் நான் இந்தப் பாடத்துக்கு இரண்டு விடைகள் நடத்த வேண்டியிருக்கிறது: தேர்வுக்கு ஒன்று, உண்மையில் உள்ளது ஒன்று. பிள்ளைகள் முதலாவதை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

1933ஆம் ஆண்டின் மொண்டேவீடியோ உடன்படிக்கை, அரசுக்கு நிலையான மக்கள்தொகை, வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு, அரசாங்கம், பிற அரசுகளுடன் உறவு கொள்ளும் திறன் ஆகிய நான்கும் வேண்டும் என்கிறது. நான்கில் ஒன்றாக இருப்பதையே முழுமை என்று தங்கள் விடைக்குறிப்பு கருதுகிறது. பெல்ஜியத்தில் 2010 ஜூன் தேர்தலுக்குப் பின் 541 நாட்கள் புதிய அரசாங்கம் அமையவில்லை. பழைய அமைச்சரவையே காபந்து அமைச்சரவையாக அன்றாடப் பணிகளைக் கவனித்தது. ஆயினும் பெல்ஜியம் என்ற அரசு தொடர்ந்தது. 2010இன் இரண்டாம் பாதியில் ஐரோப்பிய ஒன்றிய மன்றத்துக்குத் தன் முறை வந்தபோது தலைமையும் வகித்தது. ஓர் அரசாங்கம் வாங்கிய கடனை அடுத்த அரசாங்கம் அடைப்பதும், அது கையெழுத்திட்ட ஒப்பந்தம் அடுத்ததையும் கட்டுப்படுத்துவதும், கடன்பட்டது அரசே என்பதால்தான்.

பிரித்தானிய நாடாளுமன்றத்தில் "மாட்சிமை பொருந்திய மன்னரின் எதிர்க்கட்சி" என்ற சொற்றொடர் 1826இலேயே ஒலித்தது. எதிர்ப்பு அமைச்சரவைக்கு, விசுவாசம் மன்னர் உருவில் நிற்கும் அரசுக்கு. எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசுப் பணத்தில் ஊதியம் வழங்க 1937இல் சட்டமே இயற்றினார்கள். தங்கள் விடைக்குறிப்பின்படி, அந்த அரசு தன்னை எதிர்ப்பதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வருகிறது!

வினாத்தாளின் மற்றப் பகுதிகளும் மன நிறைவு தரவில்லை. இறைமை, அதாவது ஒரு நாட்டின் மேலான அதிகாரம், பற்றிப் பிரெஞ்சு அறிஞர் ழான் போதேன் எழுதிய ஆண்டு (1576) கேட்கப்படுகிறது. இறைமை யாரிடம் இருக்கிறது என்று கேட்கப்படுவதில்லை. சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகிய அதிகாரங்கள் பிரிந்திருக்க வேண்டும் என்று மொந்தெஸ்கியூ எழுதிய ஆண்டும் (1748) அப்படியே. அமைச்சரவையின் ஆணையை நீதிமன்றம் எப்படித் தள்ளுபடி செய்ய முடிகிறது என்ற வினா எந்தத் தாளிலும் வந்ததாக எனக்கு நினைவில்லை. ஆண்டை மட்டும் கேட்கும் விடைத்தாள்களுக்கு மதிப்பெண் இடுவது எளிது என்பதை நானும் அறிவேன்.

மடல் வேறு பக்கம் போய்விட்டது, பொறுத்தருள்க. நான் கேட்பது அந்த ஒரு விடையின் திருத்தத்தைத்தான். மறுமதிப்பீட்டு முடிவுகள் இறுதியாகும் முன் திருத்திய விடைக்குறிப்பை வெளியிட்டு, ஏற்கெனவே நிராகரித்த விண்ணப்பங்களையும் அதன்படி மீண்டும் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அரசியல் அறிவியல் ஆசிரியர் ஒருவர்