ஃபில் லைனட்டின் நினைவைக் காத்து நிற்பவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். அயர்லாந்தின் தின் லிஸி ராக் இசைக்குழுவின் பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான ஃபில் லைனட் 1986 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகர மருத்துவமனையில் காலமானபோது அவருக்கு வயது 36. அவர் கட்டி எழுப்பிய குழு 1983-லேயே கலைந்திருந்தது. அதன்பின் அவர் தொடங்கிய கிராண்ட் ஸ்லாம் குழுவை ஒப்பந்தம் செய்ய எந்த இசைத்தட்டு நிறுவனமும் முன்வரவில்லை. அந்த நிலையில் மறைந்த ஒரு கலைஞரின் பெயர் பழைய இசைத்தட்டுகளின் உறையோடு நின்றுபோயிருக்க முடியும். அப்படி நேராமல் பார்த்துக்கொண்டவர்கள் பலர். ஆண்டுதோறும் ஜனவரி 4 அன்று அவரை நினைத்துக் கூடும் ரசிகர்களில் ஒருவனாக, அவர்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றியைப் பொதுவில் தெரிவித்துக்கொள்ள இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி அவருடைய தாயார் ஃபிலோமினா லைனட் அம்மையாருக்கு. அவர் 2019 ஜூன் 12 அன்று, தமது 88-ஆம் வயதில் மறைந்துவிட்டதால் இந்த மடல் அவர் கைக்குப் போய்ச் சேராது. ஆனாலும் அவரை விட்டுவிட்டு மற்றவர்களிடமிருந்து தொடங்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. டப்ளினில் பிறந்து, பிழைப்புக்காக இங்கிலாந்து சென்ற அவர், 1949 ஆகஸ்ட் 20 அன்று வெஸ்ட் பிராம்விச் ஊரில் ஃபில்லைப் பெற்றெடுத்தபோது அவருக்குப் பதினெட்டு வயதுதான். குழந்தையின் தந்தை அன்றைய பிரிட்டிஷ் கயானாவைச் சேர்ந்த கறுப்பினத்தவர். மணமாகாத ஓர் ஐரிஷ் பெண் கறுப்பினக் குழந்தையைக் கையில் ஏந்தி வீதியில் நடப்பது எத்தனை ஏச்சுகளை வரவழைக்கும் என்பதை அந்தக் காலத்து இங்கிலாந்தையும் அயர்லாந்தையும் அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனையையும் தாங்கிக்கொண்டு அவர் மகனைக் கைவிடாமல் வைத்திருந்தார். பின்னர் டப்ளின் கிரம்லின் பகுதியில் தம் தாய் சாராவின் பொறுப்பில் மகனை விட்டுவிட்டு, மான்செஸ்டரில் உழைத்து, ஒரு விடுதியையும் நடத்தினார். பேரனை வளர்த்து ஆளாக்கிய அந்தப் பாட்டியாருக்கும் இந்த இடத்திலேயே எங்கள் வணக்கத்தைச் செலுத்துகிறோம். 1972-இல் பாட்டிக்காக ஒரு பாடல், 1974-இல் அம்மாவின் பெயரிலேயே ஒரு பாடல், 1979-இல் பாட்டியின் பெயரைச் சூட்டிய தம் மூத்த மகளுக்காக ஒரு பாடல் என்று ஃபில் அந்த வீட்டுப் பெண்களுக்குத் தம் கடனைத் தாமே தீர்க்க முயன்றிருக்கிறார்.

மகன் போன பிறகு அந்தத் தாய் செய்தவற்றுக்குத்தான் ரசிகர்களாகிய நாங்கள் நேரடியாகக் கடமைப்பட்டிருக்கிறோம். டப்ளினுக்கு வடக்கே, கடலோர ஊரான ஹோத்தில் வாழ்ந்த அவர், எங்கெங்கிருந்தோ தேடி வந்த ரசிகர்களைத் தம் வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துப் பேசினார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் கதவை முன்பின் தெரியாதவர்களுக்காக ஆண்டுக்கணக்கில் திறந்து வைத்திருப்பதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும்! 1995-இல் மகனைப் பற்றிய நூலொன்றையும் அவர் வெளியிட்டார். போதைப்பொருள்தான் தம் மகனை அழித்தது என்பதை அவர் ஒருபோதும் மூடி மறைத்ததில்லை. 2012-இல் மகனின் புகழ்பெற்ற பாடலொன்று அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் தேர்தல் பிரசாரத்தில் ஒலித்தபோது, அந்தக் கொள்கைகளை ஃபில் ஏற்றிருக்க மாட்டார் என்று எண்பது வயதைக் கடந்த நிலையிலும் அவர் வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். ஒரு கலைஞரின் மறைவுக்குப் பிறகு அவருக்காகப் பேச இப்படி ஒருவர் வாய்ப்பது அரிது.

அடுத்து பிரஷ் ஷீல்ஸ் அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1960-களின் இறுதியில் அவருடைய ஸ்கிட் ரோ குழுவில் ஃபில் பாடகராக மட்டுமே இருந்தார். அந்தக் குழுவிலிருந்து ஃபில்லை விலக்க நேர்ந்தபோது அதோடு உறவை முறித்துக்கொள்ளாமல், அவருக்கு பேஸ் கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அதே பிரஷ் ஷீல்ஸ்தான். பிற்காலத்தில் ஓவியராகப் புகழ்பெற்ற ராபர்ட் பல்லாவிடமிருந்து தாம் வாங்கியிருந்த ஃபெண்டர் பேஸ் கிட்டாரையும் அவர் ஃபில்லுக்கு விற்றார். அந்தப் பாடங்கள் நடக்காமல் போயிருந்தால் நாங்கள் கொண்டாடும் கலைஞர் உருவாகியிருப்பாரா என்பது ஐயமே. பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பது கடினமான வேலை. பேஸ் தாளத்தோடு இம்மி பிசகாமல் ஒட்டி நிற்க வேண்டும். ஃபில்லின் குரலோ நண்பனிடம் கதை சொல்வதுபோல் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, சொற்களை இழுத்தும் விழுங்கியும் நடக்கும். 1977-இல் வெளிவந்த ‘டான்சிங் இன் த மூன்லைட்’ பாடலின் தொடக்கத்தை ஒரு நல்ல ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். பேஸ் முன்னே வர, விரல் சொடுக்கொலி அதற்குத் துணை நிற்க, அந்த இடைவெளிக்குள் அவர் குரல் அவசரமின்றி வந்து அமரும். மேடையிலோ, கறுப்பு நிற ஃபெண்டர் பிரெசிஷன் கிட்டாரின் முகப்பில் பொருத்திய கண்ணாடித் தகட்டால் விளக்கொளியைத் திருப்பி, கூட்டத்தில் இருப்பவர்களின் முகங்களின் மேல் ஒவ்வொன்றாக வீசுவார். அந்த ஒளி தம்மேல் பட்ட நொடியை இன்றும் கண் விரியச் சொல்லும் மூத்த ரசிகர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

அவரோடு தோளோடு தோள் நின்ற இசைக்கலைஞர்களில் பிரையன் டௌனி அவர்களை முதலில் குறிப்பிட வேண்டும். 1969-இன் இறுதியில் குழு தொடங்கியதிலிருந்து 1983-இல் அது கலையும்வரை டிரம்ஸின் பின்னால் மாறாமல் அமர்ந்திருந்தவர் அவர் ஒருவரே. கிட்டார் கலைஞர்கள் வந்தார்கள், போனார்கள்; அந்தத் தாளம் மட்டும் அப்படியே இருந்தது. எரிக் பெல் அவர்கள் ‘விஸ்கி இன் த ஜார்’ என்ற பழைய நாட்டுப்பாடலுக்குக் கட்டிக்கொடுத்த தொடக்கக் கிட்டார் இசைதான் 1973-இல் இந்தக் குழுவை பிரிட்டிஷ் தரவரிசையில் 6-ஆம் இடத்துக்குக் கொண்டுசென்றது. 1974-இல் சேர்ந்த கலிபோர்னியாக்காரர் ஸ்காட் கோரம், கிளாஸ்கோவைச் சேர்ந்த பிரையன் ராபர்ட்சன் ஆகிய இருவரின் கிட்டார்களும் ஒரே மெட்டை வெவ்வேறு சுருதியில் இணைந்து வாசிக்கும் பாங்கு, அதற்குப்பின் வந்த ஹெவி மெட்டல் குழுக்கள் பலவற்றுக்கு இலக்கணமாயிற்று. இன்னொரு கிட்டார் கலைஞரான கேரி மூர் அவர்கள் 2011-இல் மறைந்துவிட்டார். அவர் வாசித்த 1979-ஆம் ஆண்டின் ‘பிளாக் ரோஸ்’ இசைத்தொகுப்பே தின் லிஸியின் ஆகச்சிறந்த படைப்பு என்பது என் உறுதியான கருத்து. அதன் தலைப்புப் பாடலில் அயர்லாந்தின் பழைய மெட்டுகள் மின் கிட்டாரில் புரண்டு வரும் வேகத்தைக் கேட்கும்போது, கிரம்லின் தெருக்களில் தோல் நிறத்தால் தனித்துத் தெரிந்த சிறுவன் தன் நாட்டை எவ்வளவு ஆழமாக நேசித்தான் என்பது விளங்கும்.

கண்ணுக்கு அந்த இசையைக் காட்டியவர் ஓவியர் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக். சே குவேராவின் சிவப்பு, கறுப்புச் சுவரொட்டியால் உலகம் அறிந்த அதே கைதான் 1973 முதல் தின் லிஸியின் இசைத்தட்டு உறைகள் பலவற்றை வரைந்தது. கெல்டிக் பின்னல் கோலங்கள், விண்கலங்கள், பனித்துளிபோல் இரத்தம் துளிர்த்த ரோஜா எனத் தம் நண்பரின் கற்பனைக்கு அவர் உருவம் கொடுத்தார். டப்ளின் சட்டன் பகுதியிலுள்ள புனித ஃபின்டன் கல்லறைத் தோட்டத்தில் ஃபில்லின் மேல் பதிந்திருக்கும் கல்லை வடிவமைத்தவரும் அவரே. தரையோடு தரையாகக் கிடக்கும் அந்தக் கல்லில், இறைவன் அவர் ஆன்மாவுக்கு அமைதி தருவானாக என்று ஐரிஷ் மொழியில் பொறித்திருக்கிறது. வருகிறவர்கள் அதன்மேல் கிட்டார் கம்பிகளை மீட்டும் பிளெக்ட்ரங்கள், நாணயங்கள், கையால் எழுதிய தாள்கள், பூக்கள் என்று எதையாவது வைக்காமல் போவதில்லை. மழையில் ஊறிக் கிழிந்த தாள்களையும் வாடிய பூக்களையும் அகற்றிவிட்டு, பிளெக்ட்ரங்களை மட்டும் துடைத்து ஓரமாக அடுக்கி வைத்துவிட்டுப் போகும் அன்பர்களை நான் அங்கே கண்டிருக்கிறேன். யாரும் கேட்டுக்கொள்ளாமலேயே அவர்கள் அதைச் செய்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் தனிப்பட்ட நன்றி.

மறைவின் முதல் ஆண்டு நிறைவான 1987 ஜனவரி 4 அன்று டப்ளினில் ‘வைப் ஃபார் ஃபிலோ’ (ஃபிலோ என்பது ஃபில்லின் செல்லப்பெயர்) என்ற நினைவு இசைநிகழ்ச்சியைத் தொடங்கி, அதை ஆண்டுதோறும் விடாமல் நடத்திவந்த ஸ்மைலி போல்ஜர் அவர்களுக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது என்று தெரியவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து, ஊரே சோர்ந்து கிடக்கும் அந்த வாரத்தில் அரங்கு பிடிப்பதும், குழுக்களை ஒருங்கிணைப்பதும், இசைக் கருவிகளை ஏற்றி இறக்குவதும் எவ்வளவு பெரிய சுமை என்பதை ஒரு சிறு நிகழ்ச்சியையாவது நடத்திப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஃபில் உயிரோடு இருந்தபோது பிறந்திராத இளைஞர்கள் அந்த மேடையில் அவர் பாடல்களை வாசித்திருக்கிறார்கள். வந்தவர்கள் கூடவே பாடியிருக்கிறார்கள். உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வந்த எங்களுக்குள் இருக்கும் நட்புகளில் பெரும்பாலானவை அந்த அரங்கின் வாசலில் தொடங்கியவை.

டப்ளின் கிராஃப்டன் தெருவை ஒட்டிய ஹாரி தெருவில் 2005 ஆகஸ்ட் 19 அன்று திறக்கப்பட்ட வெண்கலச் சிலைக்குப் பின்னால் ஃபில்லின் நினைவைப் போற்றும் ரோஷீன் டூவ் அறக்கட்டளையினரின் நீண்டகால உழைப்பு இருக்கிறது. சிலையை வடித்த பால் டேலி, வெண்கலத்தில் வார்த்த லியோ ஹிக்கின்ஸ், பீடத்தைக் கையால் செதுக்கிய டாம் கிளெண்டன் ஆகிய மூவருக்கும் எங்கள் வணக்கம். ஆளுயரத்தில், பீடம் தாழ்வாக, கிட்டாரோடு இயல்பாக நிற்கும் சிலை அது. அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரத்தில் தூக்கி வைக்காமல், வழிப்போக்கர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் உயரத்தில் அவரை நிறுத்தியதே மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். 2013-இல் அந்தச் சிலை தள்ளிச் சாய்க்கப்பட்டுச் சேதமடைந்த செய்தி வந்தபோது நாங்கள் துடித்துப்போனோம். சில மாதங்களிலேயே அதைச் சீராக்கி மீண்டும் அதே இடத்தில் நிறுத்தியவர்களின் கைகளை இன்றும் நன்றியோடு எண்ணிக்கொள்கிறோம். 2002-இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்ட அயர்லாந்து அஞ்சல் துறைக்கும், எழுபதாவது பிறந்த ஆண்டான 2019-இல் 15 யூரோ வெள்ளி நாணயம் வெளியிட்ட அந்நாட்டு மத்திய வங்கிக்கும் எங்கள் நன்றி உரித்தாகுக.

பெயர் சொல்லாமல் நன்றி கூற வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டனில் பேருந்திலிருந்து இறங்கித் திகைத்து நின்ற எங்களைக் கண்டதும், நாங்கள் வாய் திறப்பதற்குள் ‘ஃபிலோவைப் பார்க்கத்தானே?’ என்று கேட்டு, கல்லறைத் தோட்டத்தின் வாசல்வரை உடன் நடந்து வந்த முதியவர். ஈரக் காற்றில் விறைத்துத் திரும்பியவர்களுக்குச் சூடான தேநீர் கொடுத்துக் காசு வாங்க மறுத்த கடைக்காரப் பெண்மணி. 1970-களின் நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்த கேசட்டுகளை ஈரம் தீண்டாமல் பாதுகாத்து, பிரதி எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்த மூத்த ரசிகர்கள். தம் பிள்ளைகளுக்கு முதல் பேஸ் பாடமாக இந்தப் பாடல்களைச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர்கள் என எல்லோருக்கும் இந்த மடல் சேர வேண்டும்.

இறுதியாக, தந்தையைச் சிறு வயதிலேயே இழந்த அவருடைய இரு மகள்களுக்கும் குடும்பத்தாருக்கும் எங்கள் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம். அவர்களுக்கு ஜனவரி 4 என்பது ஒரு தந்தையின் நினைவு நாள். அந்த நாளில் முகம் தெரியாத ஆயிரம் பேர் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் அதில் பங்கு கேட்பதைப் பெருந்தன்மையோடு அவர்கள் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். வரும் ஜனவரியிலும் நாங்கள் வருவோம்; கல்லறைத் தோட்டத்தின் அமைதி கெடாதபடி பூக்களை வைத்துவிட்டு, பாட்டை நகருக்குள் வந்து பாடுவோம்.

என்றும் நன்றியுடன்,
ஃபில் லைனட் ரசிகர்கள் சார்பில் ஒருவன்