படத்தில் இருப்பது சாம்பல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில், விவசாயக் கழிவுச் சாம்பலைக் கான்கிரீட்டில் சேர்ப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் மேலே பெரிதாகப் போட்டிருக்கும் படத்தில் ஒரு கறுப்புக் குவியல் இருக்கிறதே, அது சாம்பல் இல்லை, உமிக்கரி, அதாவது காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்த நெல் உமி. அதை நம்பி யாராவது சிமெண்ட்டில் கலந்துவிடப் போகிறார்களே என்ற பயத்தில்தான் இந்தக் கடிதம்.

பல வருடங்களாகக் கான்கிரீட் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். க்யூப் என்கிற கான்கிரீட் கட்டிகளை அழுத்தி உடைத்துப் பலம் பார்ப்பதுதான் பிழைப்பு. ஒரு முறை ஒரே கொதிகலனிலிருந்து இரண்டு மூட்டை உமிச்சாம்பல் வந்தது. ஒன்று வெளிர் சாம்பல் நிறம், இன்னொன்று கன்னங்கரேல். இரண்டையும் அரைத்து, ஒரே அளவில் தனித்தனியாகக் கலவை போட்டோம். ஈரக் கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க அதைக் கூம்பு அச்சில் நிரப்பித் தூக்குவோம், ஸ்லம்ப் சோதனை என்று பெயர். முதல் கலவையில் கூம்பைத் தூக்கியதும் மெல்லச் சரிந்து உட்கார்ந்தது. இரண்டாவது, தூக்கியது தூக்கியபடி அசையாமல் நின்றது. தண்ணீரையெல்லாம் கரி குடித்துவிட்டது. கலவை போட்ட பையன் என்னைக் கேட்காமலே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டான். அவனைத் திட்டி என்ன பயன்? சைட்டில் எல்லோரும் செய்வதுதானே. 28ஆம் நாள் க்யூபை அழுத்தும் பிரஸ்ஸில் வைத்தபோது அந்தக் குவளைத் தண்ணீர் பதில் சொல்லிவிட்டது, பலம் குறைந்திருந்தது.

நெல் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்கா உமியில் போய்ச் சேருகிறது. உமியைச் சரியாக எரித்தால் கிடைக்கும் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்காதான். சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு மிச்சமாகிக் கலவைக்குள்ளேயே தங்கும். அந்தச் சுண்ணாம்பால் பலத்துக்குப் பெரிய உபயோகம் இல்லை. சில சுவர்களில் வெள்ளையாகப் பூத்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். சாம்பலின் சிலிக்கா இந்த மிச்சச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு, சிமெண்ட் தருகிற அதே பசையாக மாறுகிறது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து கட்டியதும் இதே வேதியியல்தான். இப்படிச் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் பொருளைப் பொசலான் என்போம், அந்தப் பெயரே இத்தாலியில் உள்ள பொசுவோலி என்ற ஊரிலிருந்து வந்தது.

ஆனால் இந்த வேலையைச் செய்ய சிலிக்கா கண்ணாடி மாதிரி, படிகமாகாத நிலையில் இருக்க வேண்டும். ஏறக்குறைய 500 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள், நல்ல காற்றோட்டத்தில் எரிந்தால் அப்படிக் கிடைக்கும். காற்று போதாவிட்டால் கரி. 800ஐத் தாண்டி நெடுநேரம் வெந்தால் சிலிக்கா படிகமாகிவிடும். அப்புறம் அதற்கும் அரைத்த மணலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போதாததற்கு அந்தத் தூள் நுரையீரலுக்கும் கேடு. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பி. கே. மேத்தா என்ற கான்கிரீட் ஆய்வாளர் உமிச்சாம்பலை ஆராய்ந்தபோதே, எரிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. உங்கள் கட்டுரையில் வெப்பநிலை என்ற சொல்லே இல்லை.

உமி, கரும்புச் சக்கை, வைக்கோல், கடலைத் தோல் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்கியதும் சரியில்லை. சக்கைச் சாம்பலில் கரும்போடு வந்த வயல் மணல் கலந்திருக்கும். வைக்கோல் சாம்பலில் பொட்டாசியமும் குளோரைடும் அதிகம், குளோரைடு உள்ளே இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். ஒன்றின் சோதனை முடிவை இன்னொன்றுக்குச் சொல்ல முடியாது.

'ஒரு சட்டி சிமெண்ட்டுக்குப் பதில் ஒரு சட்டி சாம்பல்' என்று எழுதியிருக்கிறீர்கள். சிமெண்ட்டின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு) 3.15, உமிச்சாம்பலுடையது 2.1க்குக் கொஞ்சம் மேலே. அரைக்காத சாம்பல் பஞ்சு மாதிரி வேறு இருக்கும். சட்டிக் கணக்கில் போட்டால் எவ்வளவு சேர்த்தோம் என்று மேஸ்திரிக்கே தெரியாது, எடை போட்டுத்தான் கலக்க வேண்டும். இன்னொன்று, மூட்டை சிமெண்ட் பலவற்றில் நிலக்கரிச் சாம்பல் ஏற்கனவே கலந்தே வருகிறது. அதன் மேல் இதையும் கொட்டினால் சிமெண்ட் எங்கே மிஞ்சும்? வினை புரிய மிச்சச் சுண்ணாம்பும் போதாது.

சிமெண்ட்டால் வரும் கரியமில வாயுப் பிரச்சினையை இது தீர்த்துவிடும் என்கிறீர்கள். பிரச்சினை உண்மைதான், 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே 44 கிலோ வாயு கிளம்பும், அடுப்பெரிக்கும் கணக்கு தனி. ஆனால் ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி, அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். கன மீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட் போடும் கலவையில் 15 சதவீதம் மாற்ற 52 கிலோ சாம்பல் வேண்டும், அதாவது ஒன்றே கால் டன்னுக்கும் மேல் நெல். உலகத்தில் ஆண்டுக்கு 75 முதல் 80 கோடி டன் நெல் விளைகிறது. அத்தனை உமியையும் ஒழுங்காக எரித்தாலும் சாம்பல் 3 கோடி டன் சொச்சம்தான். சிமெண்ட் உற்பத்தியோ 400 கோடி டன் அளவில். ஒரு சதவீதம்கூடத் தேறாது.

சரி, அப்படியானால் வேண்டாமா என்றால், வேண்டும் என்றுதான் சொல்வேன். நன்றாக எரித்து அரைத்த உமிச்சாம்பல் கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைக்கிறது, உப்புத் தண்ணீர் கம்பி வரை போவது குறைகிறது. கடலோர வேலைகளுக்கும் உப்பு மண்ணில் போடும் அடித்தளத்துக்கும் இது அருமையான சரக்கு. கொஞ்சமாகக் கிடைப்பதை அங்கே போடுவோமே. தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் கூடுதலாகத் தேவைப்படும், கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் கியூரிங்கில் ஒரு நாள்கூடக் குறைக்கக் கூடாது. சிமெண்ட்டுக்குப் பதில் 30 சதவீதம் என்று நீங்கள் போட்ட அளவை எடுத்துவிடுங்கள், 10 முதல் 15க்குள் தொடங்கி, க்யூப் போட்டுப் பார்த்து மேலே போவதுதான் முறை.

சாம்பல் வாங்குகிறவர்கள் ஏஎஸ்டிஎம் சி 618 என்ற அமெரிக்கத் தரநிலைப்படியான சோதனை அறிக்கையைக் கேட்க வேண்டும். அதில் எரியிழப்பு, அதாவது மறுபடி சுட்டால் குறையும் எடை, எவ்வளவு என்று முதலில் பாருங்கள், மிச்சக் கரி அங்கே தெரிந்துவிடும். இயற்கைப் பொசலான் வகைக்கு அது 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

திருத்தம் போடுவதாக இருந்தால் வேறு படம் நான் அனுப்புகிறேன். எங்கள் மேசையில் மூன்று கிண்ணங்கள் இருக்கின்றன: கரி, பதமாக வெந்தது, அதிகமாக வெந்தது. பின்னவை இரண்டும் படத்தில் ஒன்றுபோலவேதான் தெரியும். நாங்களே, சிலிக்கா படிகமாகியிருக்கிறதா என்று காட்டும் எக்ஸ்-ரே சோதனைக்கு அனுப்பித்தான் பிரித்தோம்.

இப்படிக்கு,
சோதனைக் கூடத்து வாசகர் ஒருவர்