ஊதினால்தான் கிளம்பும் வண்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று செய்தி படிக்கும்போதெல்லாம், அந்தப் பணத்தைக் கட்டியது யார் என்றுதான் எனக்குத் தோன்றும். ஒரு பத்தாயிரத்தை நான் கட்டியிருக்கிறேன். குடித்தவன் என் டிரைவர்.

களக்காட்டில் இரண்டு லோடு வண்டி வைத்திருக்கிறேன். ஓணத்துக்கு முந்தின வாரம், ஏத்தன் வாழைத்தார் ஏற்றி நாகர்கோவிலுக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன். காவல்கிணறு பக்கம் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மெஷினில் 112. சட்டம் விடுவது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரைதான். "ஒரு கட்டிங்தான் அண்ணாச்சி, ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்றான். ஒரு கட்டிங்குக்கு 112 வராது என்பது அவனுக்கும் தெரியும். காலையில்தான் வண்டியை விட்டார்கள். நானே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சந்தையில் ஏலம் முடிந்து, கூடை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அவன் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கினார்கள். அந்த மூன்று மாதமும் வேறொருவர் வண்டியில் செங்கல் ஓட்டினான். ஏர்வாடி உள்ரோட்டில் லைசென்ஸ் கேட்பது யார்? வீட்டில் மூன்று பிள்ளைகள். ஓட்டாமல் இருந்தால் அடுப்பு எரியாது. அப்புறம் என்னிடமே வந்தான், நான் கட்டிய அபராதத்துக்காக வாரம் 500 ரூபாய் பேட்டாவில் பிடித்தேன். சரி, குடி நின்றதா? இல்லை.

வெளிநாடுகளில் இப்படிப் பிடிபட்டவனின் வண்டியிலேயே ஒரு கருவியை மாட்டிவிடுகிறார்கள். ஊதிக் காட்டினால்தான் ஸ்டார்ட் ஆகும். சாராயம் இருந்தால் செல்ஃப் எடுக்காது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 1986-லேயே சோதனை முறையில் தொடங்கியது. நியூ மெக்சிகோவில் 2005 முதல், முதல்முறை பிடிபட்டவனுக்கும் கட்டாயம். கருவி வண்டியில் இருக்கும்வரை மறுபடி பிடிபடுவது சுமார் 70 சதவீதம் குறைகிறது என்று அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. கழற்றிய பிறகு பழைய குணம் எட்டிப் பார்ப்பதும் உண்டாம். எனக்குப் பிடித்தது வேறு. குடிக்காத நாளில் அவன் ஓட்டிச் சம்பாதிக்கலாம், லைசென்ஸ் இல்லாமல் திருட்டுத்தனமாக ஓட்ட வேண்டியதில்லை.

கிளீனரை ஊத வைத்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் மறுபடி ஊதச் சொல்லும். சிலவற்றில் கேமராவும் உண்டு. ஊதாவிட்டால் எஞ்சினை நிறுத்தாது, நடுரோட்டில் நின்றால் அது வேறு ஆபத்து. ஹாரன் அடித்து ஊரைக் கூட்டும், கணக்கிலும் எழுதி வைக்கும். நம் ஆட்கள் பழைய டீசல் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ஊதாமல் கிளப்பினால் அதுவும் பதிவாகிவிடும். அந்தப் பதிவை யாராவது எடுத்துப் பார்த்தால்தான் பிரயோஜனம்.

என் பயமே அங்கேதான். லோடு வண்டிக்கு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கவர்னர் கட்டாயம். வண்டியின் தகுதியைச் சோதிக்கும் எஃப்.சி. அன்றைக்கு ஒழுங்காக இருக்கும், மறுநாள் வயரைப் பிடுங்கிவிடுவார்கள். நானும் ஒருமுறை பிடுங்கியிருக்கிறேன், மறைப்பானேன். இந்தக் கருவியும் அப்படி ஆகாமலிருக்க, ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளவு சரிபார்த்துப் பதிவை எடுக்கும் இடம் திருநெல்வேலியிலேயே வேண்டும். அதற்காக ஒரு நாள் லோடை விட்டுவிட்டு மதுரைக்கு ஓடச் சொன்னால் எவனும் போகமாட்டான்.

இங்கே குடித்துவிட்டு ஓட்டுவது பாதிக்குமேல் பைக்கில்தானே என்று கேட்பார்கள். உண்மைதான், பைக்குக்கு இது சரிவராது. ஆனால் மூன்று டன் வாழைத்தாரோடு நாலுவழிச் சாலையில் வருகிறவன் விழுந்தால் அவன் மட்டும் விழுவதில்லை.

ஆகவே குடித்துவிட்டு ஓட்டியதற்காக மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் பிடிபட்ட மஞ்சள் போர்டு வண்டி டிரைவர்களிடமிருந்து தொடங்கட்டும். அபராதப் பணத்திலேயே கருவிக்கு வாடகை கொடுக்கலாம். என் டிரைவரிடம் கேட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரம் டயரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாட்டுங்க அண்ணாச்சி, வீட்டுல அவளுக்காவது தூக்கம் வரும்" என்றான். மாட்டித் தர ஆள்தான் இல்லை. ஆவணி வருவதற்குள் அரசு ஒரு வழி செய்தால் முதல் வண்டியாக என்னுடையதைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
ஒரு லோடு வண்டி உரிமையாளர்,
களக்காடு.