நோய் எங்கே நிற்கிறது என்று காட்டியவர்களுக்கு நன்றி

எமது தாயாரின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான சிகிச்சை நிறைவுற்றதை, விசாரித்து வந்த உறவினர்களுக்கும் தோட்டத்து மக்களுக்கும் மகிழ்வுடன் அறியத்தருகிறோம். சிகிச்சையளித்தவர்களுக்கு நேரில் நன்றி கூறிவிட்டோம். ஆனால், அதற்கு முன்னர் நோய் எதுவரை சென்றிருக்கிறது என்று கண்டறிந்தவர்களை நோயாளியின் வீட்டார் பெரும்பாலும் அறிவதேயில்லை. இம்மடல் முதன்மையாக அவர்களுக்கு உரியது.

மாதவிடாய் நின்று பல ஆண்டுகளின் பின் உதிரம் பட்டதை அம்மா யாரிடமும் சொல்லவில்லை. லயத்து வாசலில் நின்று பேச்சோடு பேச்சாக அதைக் கேட்டறிந்து, மறுநாள் வேலைக்குப் பேர் போட விடாமல் வைத்தியசாலைக்கு அனுப்பியவர் எங்கள் பிரிவின் குடும்பநல மாது. 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில், கருப்பைக் கழுத்தின் கலங்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையைச் செய்துகொள்ளுமாறு வீடு வீடாகச் சொல்லி வருபவரும் அவரே. வயிற்றை ஸ்கேன் செய்தாயிற்று, இனி அது எதற்கு என்று கேட்கும் சகோதரிகள் நம்மிடையே உண்டு. இந்நோயின் ஆரம்ப மாற்றங்கள் ஸ்கேனில் தெரிவதில்லை. நோயை உறுதி செய்வதும் தசைத்துண்டுப் பரிசோதனைதான். பரவலைக் காட்டுவதே ஸ்கேனின் பெரும் பணி.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்காகக் கண்டி சென்ற அன்று, உடலில் உலோகம் எதுவும் இருக்கலாகாது என்றார்கள். தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள அம்மா இணங்கினார். மூக்குத்தியோ திருமணத்துக்குப் பின் கழற்றப்படாதது. திருகாணி இறுகிப் போயிருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டு, நோகாமல் மெல்ல மெல்லத் திருகி அதைக் கழற்றிக் கடதாசியில் மடித்து என் கையில் தந்த தாதிக்கு எம் நன்றி. இயந்திரத்தின் இரைச்சலுக்கு அம்மா அஞ்சியபோது, "தேயிலை ஃபெக்டரியில் ரோலர் ஓடுகிற மாதிரித்தான் இருக்கும், அம்மா. ஆடாமல் மட்டும் படுத்திருங்கள்" என்று தமிழில் சொன்னவரும் அவரே.

கைப் பரிசோதனையில் நோய் கருப்பைக் கழுத்துக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றியதால், முதலில் சத்திரசிகிச்சை பற்றியே பேசப்பட்டது. எம்.ஆர்.ஐ. படத்தில் கழுத்தைச் சுற்றிக் கருவளையமாகத் தெரிய வேண்டிய நார்த்திசுப் பகுதி இடப்புறம் அறுந்து, நோய் பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்திருப்பதைக் கதிரியக்கவியல் விசேட வைத்திய நிபுணர் கண்டார். சி.டி. ஸ்கேனில் இடுப்பு நிணநீர்க் கணு ஒன்றும் பருத்திருந்தது. பெருந்தமனியையொட்டிய கணுக்களும் நுரையீரலும் தெளிவாக இருந்தன. முன்பு இந்நோயின் படிநிலையைப் பெரும்பாலும் கைப் பரிசோதனை கொண்டே வகுத்தார்களாம். சர்வதேச மகப்பேற்று, பெண்நோயியல் சம்மேளனம் 2018 இல் செய்த திருத்தத்தின் பின்னரே, ஸ்கேனில் தெரியும் கணுக்களையும் கணக்கில் எடுத்து 3சி என்ற படிநிலை உருவானது. அம்மாவுக்கு எழுதப்பட்டது 3சி1, அதாவது நோய் இடுப்புக் கணுவரை சென்றிருந்தது, பெருந்தமனிக் கணுக்களை எட்டவில்லை. சத்திரசிகிச்சை செய்து, பின்னர் கதிர்ச் சிகிச்சையும் பெற்று இரட்டைத் துன்பப்படாமல், சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்துடன் கூடிய கதிர்ச் சிகிச்சையை நேரடியாகத் தொடங்க முடிந்தது இதனால்தான். சிங்களமும் தமிழும் கலந்து பேசி, திரையில் விரலால் வட்டமிட்டு அந்நிபுணர் எங்களுக்கு விளக்கிய பொறுமை பெரிது. ஆங்கில அறிக்கையை மட்டும் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் மலையகத்து நோயாளிகளுக்கு எவ்வகையிலும் பயன்படுவதில்லை.

நாவலப்பிட்டி வழியாக விடியுமுன் வேன் ஓட்டி வந்து, எரிபொருளுக்கு மட்டுமே பணம் பெற்ற சாரதித் தம்பிக்கும், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட லயத்து அக்காமாருக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம்.

சிகிச்சைக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி தென்படவில்லை, கணுவும் சுருங்கியிருக்கிறது. எனினும் கிளினிக்கைத் தவறவிடக்கூடாது என்றும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பழைய படங்கள் உள்ள குறுந்தட்டை ஒவ்வொரு முறையும் எடுத்துவர வேண்டும் என்றும் கூறியுள்ளார்கள். அவ்வாறே செய்து வருகிறோம்.

நன்றியுடன்,
மகள், மருமகன், பேரப்பிள்ளைகள்
டிக்கோயா