எட்டாவது கண்ட்ரோலில் நின்ற பத்து நொடிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நாளையோடு ஓராண்டு ஆகிறது. எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஓரியண்டீரிங் ரிலேயில் நாம் எத்தனையாவதாக ஓடி வந்தோம், முடிவுப் பட்டியலில் நம் மூன்று பெயர்களுக்கு நேரே என்ன எழுதியிருந்தது என்பதையெல்லாம் மறுபடி எழுதி உங்களை நோகடிக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். எல்லோரும் படிக்க எழுதாமல் தனியாக எழுதி அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அனுப்பவில்லை. அன்றைக்கு நான் சொன்ன பாதி உண்மையைப் பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்று கேட்டார்கள். மீதிப் பாதியும் அவர்கள் காதில் விழுவதுதான் முறை என்று இப்போது தோன்றுகிறது. நம் அணியில் நடுவில் ஓடியவரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தையும் எழுதப்போவதில்லை. அவரிடம் நேரில் பேசிவிட்டேன். அவர் சொன்ன பதில் எங்கள் இருவரோடு இருக்கட்டும்.

அன்று நான் சொன்னது இதுதான்: "எண்ணைப் பார்க்காமல் பஞ்ச் செய்துவிட்டேன்." அது பொய்யல்ல. இந்த விளையாட்டைத் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காக ஒன்றிரண்டு வரிகள் எழுதுகிறேன், நீங்கள் தாண்டிப் போகலாம். வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு, காட்டில் கொடி கட்டிய இடங்களை வரிசையாகத் தேடி ஓடுவதுதான் ஓரியண்டீரிங். அந்த இடங்களுக்குக் கண்ட்ரோல் என்று பெயர், அங்கே வந்து சேர்ந்ததைப் பதிவதுதான் பஞ்ச். ரிலேயில் அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு சுற்று. முதல் சுற்றுக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால், ஒருவர் பின்னால் ஒருவர் மந்தையாக ஓடிவிடக் கூடாது என்று, சில கண்ட்ரோல்களை இரண்டு மூன்றாகப் பிரித்து அருகருகே வைப்பார்கள். மூன்று பேரும் ஓடி முடிக்கும்போது எல்லா அணிகளும் ஒரே தடத்தைத்தான் ஓடியிருக்கும். ஆனால் எந்தச் சுற்றில் யாருக்கு எந்தக் கிளை என்பது மாறும். எனவே எதிரே ஓர் ஆரஞ்சு வெள்ளைக் கொடி தெரிகிறது, அதை நோக்கி ஒருவர் ஓடுகிறார் என்பதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. கொடிக்கு அடியில் இருக்கும் எண் நம் வரைபடத்தில் உள்ள எண்தானா என்பது ஒன்றுதான் கணக்கு. அந்த எண்கள் 31இலிருந்து தொடங்குவதுகூட, முதலாவது, இரண்டாவது என்ற வரிசை எண்ணோடு யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். ஒருவர் சரியானதை விட்டுவிட்டுத் தவறான கண்ட்ரோலில் பதிந்தால் மூவரின் ஓட்டமும் செல்லாது. இவ்வளவையும் எனக்குக் கற்றுக்கொடுத்தவரே நீங்கள்தான்.

தவறு ஏழாவது கண்ட்ரோலில் நடந்ததாக எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இருநூறு மீட்டர் முன்னால், பாதை வளையும் இடத்திலேயே தொடங்கிவிட்டது. அங்கே சரிவில் ஒன்றைப்போல் ஒன்றாக இரண்டு பள்ளங்கள் உள்வாங்கியிருக்கின்றன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். முதல் வளைவில் பாதையை விட்டு இறங்கினால் தெற்குப் பள்ளம், இரண்டாவது வளைவில் இறங்கினால் வடக்குப் பள்ளம். என்னுடையது வடக்கு, எண் 52. இரண்டாவது வளைவு வரைக்கும் போக வேண்டும் என்று வரைபடத்தை வாங்கிய முதல் நிமிடத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தேன். ஆனால் எனக்கு முப்பது மீட்டர் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் முதல் வளைவிலேயே சரிவில் இறங்கினார், என் கால்கள் அவர் பின்னால் போயின. நான் போனேன் என்று எழுதாமல் கால்கள் போயின என்று எழுதுகிறேன் பாருங்கள், ஓராண்டு கழிந்தும் இந்தப் புத்தி போகவில்லை.

பள்ளத்தில் கொடி இருந்தது. கொடி இல்லாதிருந்தால் நான் பிழைத்திருப்பேன். என்னுடைய பள்ளத்தின் தலைப்பில் ஒரு பெரிய பாறை இருக்க வேண்டும், வரைபடத்தில் கருப்புப் புள்ளியாகத் தெளிவாகப் போட்டிருந்தது. பாறையைக் காணவில்லை. காணவில்லை என்பதைக் கவனித்தேன், புதர் மறைத்திருக்கும் என்று அதற்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன், பிறகு விரலில் இருந்த சிப்பைப் பதிவுக் கருவியில் வைத்தேன், பீப் என்ற சத்தம் வந்தது, ஓடினேன். இதுவரை நடந்தது எல்லோருக்கும் தெரிந்த தவறு. இதற்குத்தான் நீங்கள் என்னை மன்னித்தீர்கள்.

மீதியைக் கேளுங்கள். ஏழிலிருந்து எட்டுக்குத் திசைகாட்டியை மட்டும் நம்பி நேராக ஓடினேன். எட்டாவது கண்ட்ரோல் ஒரு சிறிய பாறைச்சுவரின் அடியில் இருந்தது. நான் அதற்குத் தெற்கே எழுபது மீட்டர் தள்ளி வெளியே வந்தேன். நானூறு மீட்டர் தூரத்தில் எழுபது மீட்டர் விலகுகிறவள் நானில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இடப்பக்கம் திரும்பிச் சுவரைக் கண்டுபிடித்து, எண்ணைச் சரிபார்த்து, பதிந்தேன். பதிந்துவிட்டு அங்கேயே நின்றேன். திசைகாட்டி பிசகவில்லை என்றால் நான் கிளம்பிய இடம்தான் பிசகு. வராத பாறை, எழுபது மீட்டர் விலகல், முதல் வளைவு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொண்டன. சந்தேகம் வந்தது என்று எழுதினால் அதுவும் பாதி உண்மையாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்துவிட்டது, அக்கா.

திரும்பிப் போயிருக்கலாம். கூடுதலாக ஒரு தவறான எண் பதிந்திருப்பதால் ஒன்றும் கெட்டுப்போகாது, சரியான எண்கள் சரியான வரிசையில் இருந்தால் போதும். ஏழுக்கு ஏறி 52இல் பதிந்து, மறுபடி எட்டுக்கு இறங்கி இங்கேயும் இன்னொரு முறை பதிந்திருந்தால் எட்டு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும். மூன்றாவது இடம் போயிருக்கும். பத்தாவதோ பதினைந்தாவதோ ஒரு முடிவு, உங்கள் ஓட்டத்துக்கும் நடுவில் ஓடியவரின் ஓட்டத்துக்கும் ஒரு நேரம், ஒரு வரி மிஞ்சியிருக்கும். பத்து நொடி நின்று இதையெல்லாம் கணக்குப் போட்டேன். பின்னால் இரண்டு பேர் சருகை மிதித்து வரும் சத்தம் கேட்டது. ஒன்பதை நோக்கி ஓடினேன். மீதி ஐந்து கண்ட்ரோல்களையும் ஒரு சின்னப் பிசகுகூட இல்லாமல் ஓடினேன். திருடப் போகிறவன் அடிமேல் அடிவைத்து நடப்பது போல அவ்வளவு சுத்தமான ஓட்டம். அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஓடியதில்லை.

கோட்டைத் தாண்டியதும் நீங்கள் கயிற்றுக்கு அடியில் குனிந்து ஓடி வந்தீர்கள். உங்கள் இடது முழங்கையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது, தலைமுடியில் ஒரு காய்ந்த பெரணி இலை சிக்கியிருந்தது. "முடிச்சுட்டடி!" என்று சொல்லிக் கட்டிக்கொண்டீர்கள். எனக்கு மூச்சு வாங்கியது, அதனால் பேச முடியவில்லை என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் தோளுக்கு மேலாக எனக்குத் தெரிந்தது சிப்பைப் படிக்கும் கூடாரம், அதன் வாசலில் நான்கு பேர் வரிசையாக நின்றார்கள். அந்த நான்கு பேரும் முடிக்கும் வரைதான் நாம் மூன்றாவது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அக்கா, ஏழு தப்பு" என்று மூன்றே சொற்கள். சொல்லாமல் உங்கள் தலையில் இருந்த இலையை எடுத்துப் போட்டேன். என் முறை வந்தபோது நீங்களும் கூடவே வந்து நின்றீர்கள். சீட்டு மெதுவாக வெளியே வந்தது. ஏழாவது வரியில் நேரத்துக்குப் பதிலாகக் கோடுகள், அடியில் நட்சத்திரக் குறியோடு தெற்குப் பள்ளத்தின் எண், 57. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன், பிறகு நானும் அப்போதுதான் தெரிந்துகொண்டவள் போலச் சீட்டைப் பார்த்தேன். ஓராண்டாக என்னைத் தூங்கவிடாதது அந்தப் பார்வைதான்.

மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டுவிட்டு இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: கடைசிச் சுற்று எனக்கு வேண்டாம் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், நீங்கள் கேட்கவில்லை. "காட்டில் அடுத்தவள் முதுகு வரைபடம் ஆகாது" என்று மூன்று ஆண்டுகள் என் காதில் ஓதிய நீங்கள், நான் வரைபடத்தை வாங்கிக்கொண்டு ஓடியபோது கயிற்றோரம் நின்று கத்தியது என்ன தெரியுமா? "முன்னாடி போறவளை விட்டுடாதே!" விடவில்லை, அக்கா. முதல் வளைவு வரைக்கும் விடவேயில்லை. இதைச் சொல்லிப் பழியை உங்கள்மேல் தள்ளுவதாகப் படிப்பவர்கள் நினைக்கலாம், அவர்கள் நினைப்பதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று எனக்கு உண்டு. சீட்டு வெளிவந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கூடி நின்றவர்களிடம் "சின்னப் பொண்ணுதானே, கத்துக்குவா" என்று சொல்லி அந்தக் கதையை மூடிவிட்டீர்கள். எனக்கு இருபத்தாறு வயது. நான் வாயைத் திறப்பதற்குள் எல்லோர் முன்னாலும் என்னை மன்னித்துவிட்டால், மீதியை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று இரவு என் கெண்டைக்காலில் ஏறியிருந்த முட்களை, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுத்தீர்கள். பதினோரு முட்கள். நீங்கள் ஒன்றும் பேசவில்லை, கைமட்டும் ஒருமுறைகூட நடுங்கவில்லை. அந்தக் காலை இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

புதியவர்களுக்கு ஒவ்வொரு பருவமும் நீங்கள் ஒரு கதை சொல்வீர்களே, 2009இல் ஹங்கேரியில் நடந்த உலகப் போட்டியின் ஆண்கள் ரிலே. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்வீடன் வீரரின் தொடையில் ஒரு குச்சி ஆழமாகப் பாய்ந்துவிட, பதக்கத்துக்காக அவரோடு போட்டியிட்டுக்கொண்டிருந்த பிரான்ஸ், நார்வே, செக் வீரர்கள் மூவரும் ஓட்டத்தை விட்டுவிட்டு அவருக்கு உதவ நின்றார்கள் என்று. அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், நானாக இருந்தாலும் நின்றிருப்பேன் என்று எளிதாக நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தக் கதை தொடங்கினால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன்.

இந்த ஆண்டு நீங்கள் பெயர் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதற்கு நான்தான் காரணம் என்று எண்ணிக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் தலைக்கனம் இல்லை. முழங்கால் வலி என்றார்கள், நம்புகிறேன். நானும் ஓடவில்லை. அதே காட்டில் நடக்கும் ரிலேக்குத் தடம் அமைக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒப்புக்கொண்ட மறுநாளே அளவு நாடாவோடு அந்த இரண்டு பள்ளங்களுக்குத்தான் போனேன். ஒரே மாதிரியான இடங்களில் இரண்டு கண்ட்ரோல்களை 60 மீட்டருக்குள் வைக்கக் கூடாது என்பது விதி. அதைவிடக் குறைவாக இருக்கும், சென்ற ஆண்டு தடம் அமைத்தவர்மேல் கொஞ்சம் தவறு இருக்கும் என்று இத்தனை மாதமாக ஒரு நப்பாசையை வளர்த்து வந்தேன். அளந்தேன். 72 மீட்டர். அந்தப் பாறையும் அங்கேதான் இருக்கிறது, இடுப்பு உயரம், எந்தப் புதரும் அதை மறைக்கவில்லை. 1:10,000 அளவு வரைபடத்தில் இரண்டு பள்ளங்களுக்கும் இடையே ஏழு மில்லிமீட்டர்தான். என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன், இரண்டும் நகத்துக்கு அடியில் மறைந்துபோயின.

இந்த முறையும் அங்கே இரண்டு கண்ட்ரோல்கள் வைக்கிறேன். இடத்தைக் குறிக்கும் நாடாக்களைக் கட்டியாகிவிட்டது, எண்ணை இன்னும் எழுதவில்லை. கட்டியவரே சரிபார்க்கக் கூடாது, இன்னொருவர் வரைபடத்தோடு தனியாகப் போய் இடம் சரிதானா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வேலைக்கு உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன், உங்களைக் கேட்காமலே. மெதுவாக நடந்தாலே போதும், முழங்காலுக்குச் சிரமம் இருக்காது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வரைபடத்தோடு பாதையில் நிற்பேன், இரண்டாவது வளைவில்.

அன்புடன்,
உங்கள் கடைசிச் சுற்றுக்காரி