ஊர் முந்தியது, ஜனாதிபதி பிந்தியவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான வட இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில், 'அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியின் நினைவாகப் பெயர் சூட்டப்பட்ட வாஷிங்டன் என்ற சிற்றூர்' என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதப்பட்டிருந்தது. அந்த ஊரிலேயே குடியிருப்பவள், தங்கள் இதழைத் திருமணத்துக்கு முன்பிருந்தே படித்து வருபவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். அந்த ஒரு வரி என்னை மிகவும் வருத்திவிட்டது.

ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது 1732இல். டர்ஹம் ஆயருக்கு (பிஷப்புக்கு) சேர வேண்டியவற்றைக் கணக்கெடுத்து எழுதிய போல்டன் ஏடு 1183ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் தம்முடைய ஹெர்ட்பர்ன் ஊரைக் கொடுத்துவிட்டு, மாற்றாக வெசிங்டனை, அதாவது இன்றைய எங்கள் வாஷிங்டனைப் பெற்றுக்கொண்டார் என்றும், அதற்காக 4 பவுண்டு செலுத்துவதோடு ஆயரின் பெருவேட்டைக்கு 4 வேட்டை நாய்களுடன் வந்து சேர வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. ஊர் மாறியதும் அவருடைய பெயரும் மாறியது. வில்லியம் டி வெசிங்டன் ஆனார். அக்கால இங்கிலாந்தில் நிலம் உடையவர்கள் தாம் வாழும் ஊரின் பெயரால் அறியப்பட்டதும், அதுவே நாளடைவில் குடும்பப்பெயராக நிலைத்ததும் தாங்கள் அறியாதவை அல்ல. அந்தக் குடும்பத்தின் ஒரு கிளையில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் 1539இல் நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். அவர் வழிவந்த ஜான் வாஷிங்டன் 1650களில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். அந்த ஜானின் கொள்ளுப்பேரன்தான் ஜனாதிபதி. தலைநகருக்கு அவர் பெயர் இடப்பட்டது 1791இல். அதே பெயர் கொண்ட மாநிலம் ஒன்றியத்தில் சேர்ந்தது 1889இல். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவதுதான் நம் வழக்கம். தங்கள் கட்டுரையாளரோ பேரன் பெயரைப் பாட்டனுக்கு இட்டுவிட்டார்.

எங்கள் ஊருக்கு வந்த அவர், பழைய மாளிகைக்குள் ஒரு முறை நுழைந்திருக்கலாம். இன்று நிற்கும் கட்டடத்தின் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டினதுதான் என்றாலும், சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் இடையே உள்ள கல் வளைவுகள் அந்தக் குடும்பம் வாழ்ந்த காலத்தவை. அதற்கும் நேரமில்லை என்றால், டர்ஹம் பேராலயத்தின் சுற்றுமண்டபத்தில் பதித்திருக்கும் கல்வெட்டையாவது பார்த்திருக்கலாம். 1416 முதல் 1446 வரை அங்கு மடத்தலைவராக இருந்த ஜான் வாஷிங்டனை நினைவுகூரும் அந்தக் கல், அவருடைய குடும்பம் அவர் அறிந்திராத நாடுகளில் அழியாப் பெயர் பெற்றது என்று சொல்கிறது. நான் அதன் முன் நின்று கண் கலங்கியிருக்கிறேன்.

இது முதல் முறையாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். முன்பொரு கேள்வி-பதில் பகுதியில், துணி வெளுப்பவர்கள் வாழ்ந்ததால் வாஷிங்டன் என்று பெயர் வந்ததாகப் பதில் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பெயரின் கடைசியில் உள்ள 'டன்', குடியிருப்பைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். முற்பகுதி ஓர் ஆளின் வழிவந்தோரைக் குறிக்கும் என்பதே அறிஞர்கள் தரும் விளக்கம். வெளுப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அப்போதும் கடிதம் எழுதினேன்; வெளியிடப்படவில்லை. பிறகு ஒரு கட்டுரையில், லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டனை அமெரிக்க நகரத்தின் பெயரைத் தாங்கிய ஊர் என்று அச்சிட்டீர்கள். லிங்கன்ஷயர் பாஸ்டனின் பெயர்தான் 1630இல் மாசசூசெட்ஸுக்குப் போனது.

இப்படி எழுதுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தங்கள் அலுவலகத்தில் நினைக்கக்கூடும். என் தாயார் வெயிலில் காயவைத்து அனுப்பிய கூழ் வடகத்தை, முகவரியில் இங்கிலாந்து என்று தெளிவாக எழுதியிருந்தும், வாஷிங்டன் என்ற பெயரைக் கண்டதுமே ஒரு கூரியர்காரர் அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார். பல வாரங்கள் கழித்து அது நொறுங்கிப் பொடியாக என் கைக்கு வந்து சேர்ந்தது. உலகில் ஒரே ஒரு வாஷிங்டன்தான் உண்டு என்ற எண்ணத்தை வளர்ப்பதில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்திலேயே வெஸ்ட் சசெக்ஸில் இன்னொரு வாஷிங்டன் இருக்கிறது.

சென்ற இதழின் பயணக் கட்டுரையில் வாஷிங்டனை 'வெள்ளைக்காரக் குடும்பப்பெயர்' என்று எழுதியிருப்பது அதைவிடப் பெரிய பிழை. 2000ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்களில் 10 பேருக்கு 9 பேர் கறுப்பினத்தவர். அடிமையாகப் பிறந்த புக்கர் டி. வாஷிங்டன், பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டு, ஆசிரியர் கேட்டபோது தமக்குத் தாமே வாஷிங்டன் என்று சூட்டிக்கொண்டார். ஒரு பண்ணையாரின் ஊர்ப்பெயரை அடிமையாகப் பிறந்த ஒரு சிறுவன் தன்னுடையதாக்கிக்கொண்ட அந்த வரலாற்றை ஒற்றை அடைமொழியால் அழித்துவிடலாமா? அவ்வளவு தூரம் போவானேன், நம் சென்னையின் வாஷிங்டன் சுந்தருக்கு அப்பெயர் வந்தது, அவர் தந்தைக்கு உதவிய ஒரு முன்னாள் ராணுவ வீரரின் நினைவாகத்தான்.

நான் கேட்பது சிறிய திருத்தம். அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், 'வாஷிங்டன் என்ற ஊரின் பெயரிலிருந்தே அந்தக் குடும்பப்பெயர் வந்தது' என்று வெளியிடுங்கள். கூடவே, இணையதளத்தில் உள்ள கட்டுரையிலும் அந்த வரியை மாற்றிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதுகிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
வாஷிங்டன், டைன் அண்ட் வியர், இங்கிலாந்து